மலைக்கு எந்தச் சப்பாத்து, ஆற்றுக்கு எந்தச் சப்பாத்து?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கால் தரிக்காது. "லேடாங் மலை ஏறப் போறோம்", "ஆத்துல கானு படகு ஓட்டப் போறோம்" என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேனைப் பிடித்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. தகப்பன்மார்களும் கூடவே போனால் இன்னும் நல்லது.

ஆனால் போகும்போது துள்ளிக்கொண்டு போனவர்கள், வரும்போது நொண்டிக்கொண்டு வருகிறார்கள். குதிகாலில் கொப்புளம், கட்டை விரல் நகத்தில் இரத்தக் கட்டு, பாதத்தில் கல் கிழித்த காயம். திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்கு நிற்க முடியவில்லை. பால் வெட்டுபவருக்கும் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் கால்தானே முதல்? கால் படுத்தால் கூலியும் படுத்துவிடும்.

இதற்கெல்லாம் காரணம் மலையும் அல்ல, ஆறும் அல்ல. பொருந்தாத சப்பாத்துதான். ஆகவே இந்த மாதம் சப்பாத்தைப் பற்றியே பேசுவோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சப்பாத்தின் வேலை காலை அழகுபடுத்துவது அல்ல, பாதத்தின் தோலைக் காப்பாற்றுவது. மலையில் தோலுக்கு எதிரி உராய்வு. ஆற்றில் தோலுக்கு எதிரி வெட்டுக் காயம். எதிரி வேறு என்பதால் சப்பாத்தும் வேறு. இது புரிந்தால், விலைச் சீட்டைப் பார்த்துச் சப்பாத்து வாங்க மாட்டீர்கள்.

காலை அளந்த பிறகு கடைக்குப் போங்கள்

"நான் எட்டாம் நம்பர்" என்று சொல்லி வாங்கி வருவதுதான் நம் பழக்கம். ஒரு கம்பெனியின் எட்டு, இன்னொரு கம்பெனியின் எட்டு ஆகாது. நம்பரை நம்பாதீர்கள், காலை நம்புங்கள். முறை இதுதான்:

1. மாலை நேரத்தில் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். காலையில் சரியாக இருந்த சப்பாத்து மாலையில் பிடிக்கும்.

2. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும்.

3. மலைக்குப் போட்டுப் போகிற காலுறையையே போட்டுக்கொண்டு பாருங்கள். வெறுங்காலில் போட்டுப் பார்ப்பது வீண்.

4. நின்றபடி பாருங்கள். மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையில் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும்.

5. நடந்து பாருங்கள். குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் அது கொப்புளத்துக்குப் போட்ட விதை. விட்டுவிடுங்கள்.

6. கடையில் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் சப்பாத்தின் முனையைத் தரையில் இரண்டு முறை தட்டுங்கள். விரல் முன்னால் போய் இடித்தால், மலை இறங்கும்போது நகம் கறுத்துவிடும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் விரலுக்கு ஆபத்து.

கடைக்காரர், "தோல்தானே அண்ணே, போடப் போட விரியும்" என்பார். தோல் அகலத்தில் கொஞ்சம் விரியும். நீளத்தில் விரியாது. கடையிலேயே வலிக்கிற சப்பாத்து காட்டிலும் வலிக்கும்.

பிள்ளையை விட்டுவிட்டுப் பசாருக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு யோசனை. பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். காகிதத்தைச் சப்பாத்துக்குள் விட்டால் மடங்காமல் படிந்து, முன்னால் ஒரு விரல் இடமும் மிஞ்ச வேண்டும். "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்குவது சிக்கனம் அல்ல. பெரிய சப்பாத்துக்குள் கால் ஓடும், ஓடுகிற கால் உரசும்.

மலைக்கு ஏற்றது எது?

கடையில் மூன்று வகை இருக்கும்.

முதலாவது, கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ். கல்லும் முள்ளும் குத்தாது. முதுகில் பெரிய பையைச் சுமப்பவருக்குப் பிடிப்பு கொடுக்கும். ஆனால் கனமானது. காலில் கட்டிய கனம், முதுகில் ஏற்றிய கனத்தைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும், ஏனென்றால் ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்க வேண்டும். நனைந்தால் இன்னும் கனக்கும். நம் நாட்டு ஈரத்தில் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இரண்டாவது, துணியும் செயற்கை இழையும் கலந்த இலேசான பூட்ஸ். நம் வெயிலுக்கும் மழைக்கும் இது ஏற்றது. காற்று போகும், சீக்கிரம் காயும். "தண்ணி உள்ளே போகாது" என்று விளம்பரம் செய்யும் வகைகளும் உண்டு. குளிர் நாட்டில் அது நல்லது. நம் காட்டில் முழங்கால் ஆழத்து ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் மேல் வாய் வழியாகவே உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வராது. அப்புறம் கால் நாள் முழுவதும் ஊறுகாய்தான்.

மூன்றாவது, நமக்கு மிகவும் தெரிந்தது. ஒரே வார்ப்பாகச் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. பால்மரக் காட்டில் நம் பெற்றோர் போட்டு உழைத்த அதே சப்பாத்து. 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரார் வேடிக்கையாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெரிய கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்று பட்டணத்து மலையேறிகள் இதைத் தேடி வாங்குகிறார்கள். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் இதைப் போட்டுக்கொண்டு ஏறுவதைப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

காரணம் இருக்கிறது. ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். அடியில் உள்ள முளைகள் சேற்றைக் கவ்விப் பிடிக்கும். எடை குறைவு, விலையும் குறைவு. தஹான் மலைக்குக் குவாலா தஹான் வழியாகப் போகிறவர்கள் தஹான் ஆற்றைப் பலமுறை தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட பாதைக்கு இது கை கொடுக்கும்.

குறையும் இருக்கிறது. கணுக்காலுக்குப் பாதுகாப்பு இல்லை. காற்று போகாததால் வியர்க்கும். உள் விளிம்பு கடினமாக இருப்பதால் காலுறை இல்லாமல் போட்டால் உரசும். முளைகள் தேய்ந்துவிட்டால் வழுக்கும். பாசி படிந்த பாறையில் எந்தச் சப்பாத்தும் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, ஒரு நாளில் ஏறி இறங்கும் மலை, கையில் சிறிய பை என்றால் ரப்பர் சப்பாத்தும் நல்ல காலுறையும் போதும். லேடாங் மலை 1,276 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. அங்கே சப்பாத்தின் பிடிமானம்தான் முக்கியம், பெயர் அல்ல. இரண்டு மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கி, பாரம் சுமந்து நடப்பதென்றால் கணுக்காலை மூடும் இலேசான பூட்ஸ் நல்லது.

எதை வாங்கினாலும் புதிதாக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கி, வீட்டைச் சுற்றி, கடைக்கு, கோயிலுக்கு என்று போட்டு நடந்து பழக்குங்கள். எங்கே உரசும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

காலுறையை அலட்சியம் செய்யாதீர்கள்

நல்ல பூட்ஸ் வாங்கிவிட்டு, கிழிந்த பள்ளிக்கூட ஸ்டோக்கினைப் போடுகிறவர்கள் நிறைய. பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் சீக்கிரம் உரிந்துவிடும். செயற்கை இழை, அல்லது கம்பளி கலந்த காலுறை ஈரத்தை வெளியே தள்ளும். கணுக்காலுக்கு மேல் ஏறுகிற நீளம் வேண்டும். சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போட வேண்டும். மாற்றுக் காலுறை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சப்பாத்தைக் கழற்றி, காலைத் துடைத்து, காற்றாட விட்டு, காலுறையை மாற்றுங்கள். அந்தப் பத்து நிமிடம் மறுநாள் வேலையைக் காப்பாற்றும்.

அட்டைக்குப் பயந்தவர்கள் கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல், அதன் மெல்லிய வாய்ப் பக்கத்தில் விரல் நகத்தை வைத்து நெட்டினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படகுக்கு வேறு சட்டம்

கானு படகில் போகிறவர் எப்படியும் நனைவார். ஏறும்போது நனைவார், படகைத் தள்ளும்போது நனைவார், கவிழ்ந்தால் முழுதும் நனைவார். ஆகவே தண்ணீரைத் தடுக்கும் சப்பாத்தைத் தேடாதீர்கள். தண்ணீரை வெளியே விடும் சப்பாத்தைத் தேடுங்கள்.

வேலைக்குப் போடும் உயரமான ரப்பர் பூட்ஸைப் படகில் போடவே கூடாது. கவிழ்ந்தால் அதற்குள் தண்ணீர் நிறைந்துவிடும். காலை உதைத்து நீந்த முடியாது. கரை ஏறும்போது ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ கனம். கனத்த தோல் பூட்ஸும் அப்படித்தான். தடித்த அடிப்பாகம் படகின் இருக்கைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஜப்பான் சிலிப்பரும் ஆகாது. முதல் சேற்றிலேயே ஒன்று போய்விடும், அதைப் பிடிக்கப் பாய்ந்து ஆளும் விழுவார். வெறுங்கால் எல்லாவற்றையும்விட மோசம். ஆற்றின் அடியில் உடைந்த போத்தல் கிடக்கும், முறிந்த மூங்கில் கிடக்கும், மீன் தூண்டில் முள்ளும் கிடக்கும்.

அப்படியானால் எது? விரல்களை மூடியதாக, குதிகாலை இறுக்கிப் பிடிப்பதாக, இலேசானதாக, அடிப்பாகம் வளையக் கூடியதாக, தண்ணீர் வடியக் கூடியதாக இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கேன்வஸ் சப்பாத்து, அடி தேயாமல் இருந்தால் போதும். காலுக்குக் கச்சிதமாக இருக்கும் ரப்பர் சப்பாத்தும் சரி. கயிற்றை முடிச்சுப் போட்டபின் மிச்சத்தை உள்ளே செருகிவிடுங்கள். தொங்குகிற கயிறு படகிலும் வேரிலும் மாட்டும்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். படகு கவிழ்ந்து ஓடுகிற நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் நீரோட்டம் ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை நீர் ஓடும் திசைக்கு நீட்டி, அமைதியான இடம் வந்தபின் கரை சேர வேண்டும். லைப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறவே கூடாது. எவ்வளவு நல்ல சப்பாத்தும் அந்த வேலையைச் செய்யாது.

"மலையும் ஆறும் ஒரே பயணம். ரெண்டு ஜோடி வாங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு ஜோடிதான் முடியும் என்றால், கச்சிதமான ரப்பர் சப்பாத்தும் இரண்டு ஜோடி நல்ல காலுறையும் வாங்குங்கள். ஆற்றுக்கு ஒரு காலுறை, மலைக்கு உலர்ந்த ஒன்று.

பண்டல் கடையும் பழைய பூட்ஸும்

பண்டல் கடையில் பெயர் பெற்ற பூட்ஸ் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பூட்ஸின் நடு அடியில் வைக்கும் ஒருவகைப் பஞ்சு போன்ற பொருள், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் தானாகவே பொடிந்துவிடும். போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் பொடியும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் பூட்ஸ், மலை நடுவில் அடி கழன்று வாயைப் பிளப்பது இதனால்தான். வாங்குமுன் அடிப்பாகத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்துங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

மருந்து அடிக்கும் வேலைக்குப் போட்ட பூட்ஸை உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். அதில் மருந்து ஒட்டியிருக்கும். வேலைக்கான பூட்ஸ் வேலைக்கே இருக்கட்டும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, முதலாளி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுக்கும் பூட்ஸ் உங்கள் அளவுக்கு இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு போட வேண்டாம். தோட்டக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அளவு தவறிய பூட்ஸ் பாதுகாப்பு ஆகாது.

கொப்புளம் வந்தால்

கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்றுவிடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நடந்தால் அரை மணியில் தோல் உப்பிவிடும். எரிகிற இடத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, காலுறையைச் சரி செய்துகொண்டு நடங்கள். கொப்புளம் வந்துவிட்டால் குத்தி உடைக்க வேண்டாம். மேல் தோல்தான் அதற்கு நல்ல கட்டு. தானாக உடைந்தால் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, தோலைப் பிய்க்காமல், சுத்தமான துணி வைத்துக் கட்டுங்கள். சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் கிளினிக்குக்குப் போங்கள். புகையிலை, காப்பித் தூள் வைத்து அப்புவது வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனிக்கவும்

இதைப் பெரிய எழுத்தில் எழுதியதாக எண்ணிப் படியுங்கள். 2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே இது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

இனிப்புநீர் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். மற்றவருக்கு வலிக்கிற சப்பாத்து இவருக்கு வலிக்காது. உள்ளே கல் கிடந்தாலும் தெரியாது. மாலையில் கழற்றும்போதுதான் இரத்தம் தெரியும். அந்தப் புண் ஆறாமல் போய்க் காலை எடுக்க வேண்டிய நிலை வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஆகவே இவர்கள் சப்பாத்துப் போடுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மாலையில் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம், அல்லது கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். புதுச் சப்பாத்தோடு நெடுந்தூரம் நடக்கக் கூடாது. ஆற்றில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. சிறிய கொப்புளமானாலும் வீட்டு வைத்தியம் செய்யாமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

தண்ணீரில் உள்ள கிருமி

எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் வழியாக ஆற்றிலும் சேற்றிலும் கலக்கும் ஒரு கிருமி, எலிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. மலாய்க்காரர்கள் 'கென்சிங் திக்குஸ்' என்பார்கள். 2000-ஆம் ஆண்டு சபாவில் மலை ஏறுவதும் படகு விடுவதும் சேர்ந்த ஒரு பெரிய அனைத்துலகப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் 189 பேரைப் பிறகு விசாரித்தபோது, 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் வந்திருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டார்கள். எல்லாரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள், நல்ல சப்பாத்துப் போட்டவர்கள்.

அப்படியானால் சப்பாத்தால் பயன் இல்லையா? உண்டு. கிருமி வெட்டுக் காயம் வழியாகவும், ஊறிப்போன தோல் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். காலில் காயம் படாமல் சப்பாத்துக் காப்பாற்றினால் ஒரு வாசலை அடைத்தது போல. மற்ற வாசல்களை நீங்கள்தான் அடைக்க வேண்டும். ஆற்று நீரைக் குடிக்காதீர்கள். காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். கரை ஏறியதும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

சேற்று மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற வேறொரு நோய்க் கிருமியும் உண்டு. இனிப்புநீர் உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். 2010-ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்த இரண்டு நோய்களும் பரவி உயிர்ச் சேதம் ஏற்பட்டது.

பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை கண்டால், "சாதாரணக் காய்ச்சல்" என்று படுத்திருக்காதீர்கள். உடனே கிளினிக்குக்குப் போய், "நான் இன்ன தேதியில் ஆத்துல இறங்கினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

• மாலையில், காலுறையோடு, இரண்டு காலிலும் போட்டுப் பார்த்து வாங்கு.
• முன்னால் கட்டை விரல் இடம், பின்னால் குதிகால் அசையாத பிடி.
• புதுச் சப்பாத்தை இரண்டு வாரம் பழக்கிய பிறகே மலை.
• படகில் உயரமான பூட்ஸ் வேண்டாம், சிலிப்பர் வேண்டாம், வெறுங்காலும் வேண்டாம்.
• காலுறை ஈரமானால் மாற்று. கால் எரிந்தால் நில்.
• இனிப்புநீர் இருந்தால் தினமும் பாதத்தைப் பார்.
• ஆற்றுக்குப் போய் வந்தபின் காய்ச்சல் என்றால் உடனே கிளினிக்.

மலையும் ஆறும் எங்கேயும் போய்விடாது. அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே இருக்கும். அப்போதும் போய்ப் பார்க்க நமக்குக் கால் நன்றாக இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் இன்று மாலையே ஒரு காகிதத்தில் காலை வரைந்து பாருங்கள்.